ஒட்வாருக்கு ஒரு ஜன்னல்

திரையில் ஒட்வாரின் இதயத்துடிப்பு நேர்கோடாக ஓடியபோது, தூரிட் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். அதற்காக அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை.

“ஐவின், மார்பை அழுத்து. நான் மருந்து ஏத்தறேன்.”

உதவிக்கு நின்ற இளம் நர்ஸிடம் சொன்ன அந்தக் குரலில் துளிப் பதற்றம் இல்லை. அதெல்லாம் அவளிடம் தீர்ந்துபோய் மாதக்கணக்காகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்ட நர்ஸ் தூரிட். போன இலையுதிர் காலத்தில் அவள் கவனித்துக்கொண்ட ஓர் இளம் தாய் இறந்துபோனாள். உடம்பைத் துடைத்து, போர்த்திவிட்டு, நேராகப் போய் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை ருசித்துச் சாப்பிட்டாள் தூரிட். கடைசித் துண்டை விழுங்கிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“நான் கல்லாயிட்டேன். கல்லுக்கு எதுக்கு நர்ஸ் உத்தியோகம்?” என்று விடுப்பில் போனவள், இன்றுதான் வந்திருக்கிறாள். அவளை மறுபடி வேலையில் சேர்ப்பதா, வீட்டுக்கே அனுப்புவதா என்று தலைமை நர்ஸ் சிக்ரூன் இன்று முடிவு சொல்ல வேண்டும்.

சிக்ரூன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்கு ஓரடி எடுத்து வைக்கவில்லை.

“ஒட்வார், மருந்து ஏத்தப் போறேன். கை கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க” என்றாள் தூரிட். நினைவே இல்லாவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. பிடித்த கையில், காலையில் முதன்முதலாகத் தொட்டபோது இருந்த அதே சில்லிப்பு.

“ஐவின், ரொட்டிக்கு மாவா பிசையற? ஆழமா அழுத்து!”

“உடைஞ்சுட்டா?”

“உடையட்டும். முதல்ல ரத்தம் மூளைக்குப் போகணும்.”

இன்னும் இரண்டு சுற்று அழுத்தினார்கள். மருந்தை மாற்றினார்கள். கோடு அசையவே இல்லை.

“போதும், நிறுத்திக்கலாம்” என்றாள் சிக்ரூன். ஐவின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, விட்டால் போதும் என்று காபி குடிக்கப் போய்விட்டான்.

தூரிட் ஒயர்களைக் கழற்றினாள். கலைந்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தாள்.

“பாத்தியா சிக்ரூன்? இப்பவும் உள்ள ஒண்ணுமே இல்ல. கை மட்டும் வேலை செய்யுது. அந்த மெஷினும் அதைத்தான் செய்யுது. என்னால முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிடு.”

“மருந்து, அளவு, வேகம் எல்லாமே சரியா இருந்துச்சே.”

“அது பழக்கம். பழக்கத்துக்குப் பேரு நர்ஸா?”

சொல்லிக்கொண்டே போய் ஜன்னலை விரியத் திறந்துவைத்தாள். பெர்கன் நகரத்தின் மழைக்காற்று முகத்தில் அடித்தது. ஓர் உயிர் பிரிந்தால் அது வெளியே போக வழி விடவேண்டும் என்று அங்கே நர்ஸுகள் செய்கிற காரியம் இது. எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை, டாக்டர்கள் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்கள். தூரிட் தலையைக் குனிந்து சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சிக்ரூன் ஜன்னலைப் பார்த்தாள். படுக்கையைப் பார்த்தாள்.

“தூரிட், திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு.”

“எதுக்கு? நான் கல்லுன்னு சொல்றேன்ல?”

“பயிற்சி பொம்மைக்கு இதுவரைக்கும் யாருமே ஜன்னல் திறந்துவிட்டதில்லடி.”