சீமைப் பூட்டு

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு இறக்குமதியை இறுக்கிய 1957 ஜூலையில், எட்டாம் தேதி திங்கட்கிழமை, திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி சவரிமுத்து பட்டறைக்குப் போகவில்லை.

“சீமைப் பூட்டு இனிமே வராதாம். உங்க பூட்டுக்குத்தான் கிராக்கி. இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா எப்படிங்க?” என்றாள் மனைவி ரோசலின்.

“நான் பூட்டுக் குடுக்கிற கடைக்காரரு இனிமே என் பூட்டு வேண்டாம்னுட்டாரு.”

“ஏனாம்?”

“சீமைப் பூட்டு எப்படி வந்துச்சுன்னு அதிகாரி கேப்பாங்கன்னு பயப்படுறாரு.”

“அதுக்கு உங்க பூட்டு என்ன பண்ணுச்சு? உங்களை நம்பாம எங்கண்ணன்கூட அவருகிட்ட சீமைப் பூட்டுதானே வாங்குனாரு?”

“அதைச் செஞ்சதே நான்தான். அவரு விக்கிற சீமைப் பூட்டு அம்புட்டும் நான் லண்டன்னு முத்திரை குத்திக் குடுத்தது.”

ரோசலின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணன் வீட்டுப் பூட்டு இன்னும் நல்லாத்தானே இருக்கு?”

“அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு.”

இனிப் பூட்டில் திண்டுக்கல் என்றே பொறிப்பதென்றும், தாங்களே சந்தையில் விற்பதென்றும், சீமைப் பூட்டின் விலையில் நயாபைசாகூடக் குறைப்பதில்லை என்றும் இருவரும் முடிவு செய்தனர்.