பொய் அலாரம்

“இதுவும் பொய்தான்,” என்றாள் மனைவி, கணவனின் முகத்தைக்கூடப் பார்க்காமல். அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைக் காட்டினான்.

புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். இருவருக்கும் ஒரே அலுவலகம். கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் வெளியாள் எவனாவது நுழைந்தால் அலாரம் கொடுக்க அங்கே ஒரு மென்பொருள் உண்டு. ஆனால் அது எடுத்ததற்கெல்லாம் கத்தும். பிரிண்டர் தூங்கி எழுந்தால் கத்தும், யாராவது பாஸ்வேர்டை மறந்தால் கத்தும். எது நிஜம், எது பொய் என்று திரையைப் பார்த்துச் சொல்வதற்காகவே ஆறு பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு பேரில் அவன் மனைவிதான் படு கெட்டிக்காரி. ஆபீசில் அவளுக்குக் ‘கழுகு’ என்றே பெயர்.

அவனுடைய வேலை, அந்த மென்பொருளோடு சேர்ந்து ஓடுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதுவது. பொய் அலாரங்களை ஸ்கிரிப்டே தள்ளிவிட வேண்டும், நிஜத்தை மட்டும் மேலே அனுப்ப வேண்டும். சரியாக வந்தால் அந்தப் பிரிவுக்கே அவன்தான் தலைவன், சொதப்பினால் அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எது பொய் என்று ஸ்கிரிப்டுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே! அதற்குத்தான் பழைய அலாரங்களை ஒவ்வொன்றாகக் காட்டி மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினான். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்திருப்பான். கட்டின மனைவியைப் போய் யாராவது சரிபார்ப்பார்களா?

“இது மட்டும் ஓடட்டும், உங்க ஆறு பேருக்கும் இங்க வேலையே இருக்காது,” என்றான் உற்சாகமாக. “நீயும் வீட்ல ஹாயா இருக்கலாம்.”

“மத்தவங்க?”

அதை மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்றான். அவர்களில் ஒருத்தியின் சம்பளத்தில்தான் ஒரு குடும்பமே ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் மண்டைக்குள் அப்போது தலைவர் நாற்காலிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் அடுத்த அலாரத்தைப் பார்த்தாள். கம்பெனித் தகவல்களை ராத்திரியில் நகலெடுத்து வைக்கும் பேக்கப் கம்ப்யூட்டர், மதியத்தில் எதையோ வெளியே அனுப்பியதைப் பற்றியது அது. கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துவிட்டு, பொய் என்றாள். அவன் எழுதிக்கொண்டான்.

சோதனை நாள் வந்தது. திருடன் மாதிரி நுழைந்து பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஆள் ஒருவனைக் கம்பெனி வரவழைத்துப் பக்கத்து அறையில் உட்கார வைத்தது. இந்த அறையில் மேனேஜரும் பெரிய தலைகளும் காபி டம்ளரோடும், அந்த ஆறு பெண்களும் ஓரமாக நின்றும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கிரிப்ட் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆளே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மேனேஜரின் சம்பளம் எவ்வளவு என்பதை அவர் எதிரிலேயே வாசித்தான். பேக்கப் கம்ப்யூட்டர் வழியாகத்தான் எடுத்தேன், எந்த அலாரமும் குறுக்கே வரவில்லை என்றான்.

மேனேஜர் கத்தவில்லை. சாயங்காலம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஸ்கிரிப்ட் எழுதியவனிடம் சொன்னார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, “மெஷினை நம்பினது என் தப்பும்மா. நீங்க ஆறு பேரும் பழையபடி உக்காருங்க,” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் அவன் ஒரு தூணில் சாய்ந்துகொண்டான். இந்த வயதில் இனி எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? மனைவி அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பரிவில் அவன் இன்னும் உடைந்துபோனான்.

“எல்லாம் என் அவசர புத்தி. அந்த பேக்கப் அலாரத்தை உன்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கணும். நீயும் மனுஷிதானே, அன்னைக்கு அசதியில ஏதோ தடுமாறிட்ட. உன்மேல எனக்குக் கோபமே இல்ல.”

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“தடுமாறலீங்க. அது நிஜம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”