அறுபதாண்டு வரலாறும் ஒரு கையெழுத்தும்

ஆவணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் ஜிம்பி ஊர் சமாதான நீதவான்கள் சங்கத்தின் அறுபதாண்டு வரலாற்றை டெஸ்மண்ட் எழுதி முடித்துவிட்டார். ‘எழுதியதெல்லாம் உண்மை’ என்ற உறுதிமொழிக்கு ஒரு நீதவான் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போய்விடும்.

நூலகத்து மேசைக்குப் பின்னால் அன்றைய நீதவானாக நோலீன் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டிலயே கையெழுத்துப் போட்டுட்டு வந்தியா? என் கண் முன்னால போடணும். வேற தாள் கொண்டா.”

டெஸ்மண்ட் கொண்டுவந்தார்.

“அடையாளத்துக்கு லைசென்ஸ் எங்க?”

“முப்பது வருஷமா ஒண்ணா டீ குடிக்கிறோம், என்னைத் தெரியாதா?”

“டீக் கோப்பையில உன் போட்டோ ஒட்டலையே!”

மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. பேனாவைத் திறந்த நோலீன், கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். ‘நண்பனுக்காகக்கூட விதியை வளைக்காத நோலீன்’ என்றிருந்தது.

கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனாவை மூடினார்.

“இதுல என்னைப் பத்தி இருக்கு. நான் சாட்சி போடக்கூடாது. நம்ம ஊர் நீதவான் எல்லாரும்தான் இதுல இருக்காங்க. நூசா ஊர் நீதவான்கிட்டப் போ, கார்ல ஒரு மணி நேரந்தான்.”

டெஸ்மண்ட் வாய்விட்டுச் சிரித்தார். “போறேன். கடைசி அத்தியாயம் உண்மைதான்னு இப்பத்தான் உறுதியாச்சு!”