முதல் நம்பர்

"முதல் நம்பர் என்ரையைப் போடும் தம்பி. நான் தலைவர்."

நமசிவாயம் இப்படிச் சொன்னதுதான் தாமதம், கோயில் பொருளாளர் ஏரம்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"தலைவர் எண்டால்? அம்மன்ரை நகையெல்லாம் என்ரை பொறுப்பிலைதானே இருக்கு. என்ரையைத்தான் போடவேணும்."

விடிந்தால் கொடியேற்றம். வங்கிப் பெட்டகத்தில் கிடந்த அம்மன் நகைகள் அன்று காலைதான் கோயிலுக்கு வந்திருந்தன. கள்ளன் கதவில் கைவைத்தால் கத்துகிற அலாரம் ஒன்றைக் கொம்பனிப் பொடியன் றஜிந்தன் பொருத்தி முடித்திருந்தான். கத்துவதோடு நில்லாமல் அது தானாகவே ஒருவருக்குப் போனும் எடுக்கும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் அடிபிடி. முதல் காளாஞ்சி மரியாதை யாருக்கு என்று தேரையே நடு வீதியில் நிற்பாட்டி வைத்த கோயில் அது. இதைச் சும்மா விடுவார்களா?

"ஐயாமார், ஒண்டு சொல்லவேணும்," என்றான் றஜிந்தன். "இது இன்ரநெற் போனிலை ஓடுறது. பழைய லைன் மாதிரி இல்லை. கரண்ட் போனால் இன்ரநெற் பெட்டியும் நிண்டிடும். அலாரம் பற்றரியிலை கத்தும், ஆனால் போன் கோல் போகாது."

"போகாட்டி?" என்றார் ஏரம்பு.

"நகை போகும் ஐயா. எங்கடை கொம்பனி பொறுப்பெடுக்காது. கரண்ட் நிக்கிற நேரமெல்லாம் முதல் நம்பர்காரர்தான் கோயிலைக் கவனிக்கவேணும். பிசகினால் ஊருக்கு அவர்தான் பதில் சொல்லவேணும்."



நமசிவாயம் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பாத்தால் ஏரம்பு சொல்லுறதுதான் சரி. நகை அவற்ரை பொறுப்பு."

"சீச்சீ, தலைவர் இருக்க நான் முந்தலாமோ? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லோ."

அந்தக் கோயில் வரலாற்றிலேயே முதன்முறையாக இருவரும் ஒருவரையொருவர் மதித்தார்கள். பார்க்கப் புல்லரித்தது.

"ஐயா, பொழுதுபட முன்னம் எனக்கு ஒரு நம்பர் வேணும். இல்லையெண்டால் நகை காவலில்லாமல் கிடக்கும்."

திடீரென்று நமசிவாயத்தின் முகம் மலர்ந்தது. "அலாரத்துக்குக் காசு ஆர் அனுப்பினது? லண்டன் குகதாசன். கோயிலுக்கு எது தேவையெண்டாலும் அவரிட்டைத்தானே காசு கேக்கிறம். அப்ப முதல் மரியாதை அவருக்கெல்லோ?"

"அதுதானே!" ஏரம்பு துள்ளாத குறை.

"லண்டனிலை இருக்கிறவர் எப்பிடி ஐயா ஓடி வாறது?"

"அவர் எங்களுக்குப் போன் எடுத்துச் சொல்லுவார். நாங்கள் பக்கத்திலைதானே இருக்கிறம்."

றஜிந்தன் தலையைச் சொறிந்தான். "எதுக்கும் அவரை ஒருக்காக் கேளுங்கோ."

நமசிவாயம் அப்போதே லண்டனுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். கரண்ட், கள்ளன், ஊருக்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு என்று எதையும் ஒளிக்காமல் றஜிந்தனே சொல்லிவிட்டான். குகதாசன் மறுத்தால் பாரம் தன் தலையில் வந்து விழுமே என்று ஏரம்பு மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.



"என்ரையைப் போடுங்கோ அண்ணை," என்றார் குகதாசன். "இரவு பகல் பாராமல் போனைத் தூக்கிறன். காசு கேளாமல் ஊரிலையிருந்து ஒரு போன் கோல் எண்டாலும் எனக்கு வரட்டும்."