பல்லில் ஒரு 'ம்'

கிரேக்கர்கள் கஸ்தோரியா என்று எழுதும் எங்கள் வட கிரேக்க ஊரான கொஸ்துரில், ஏரியின் நண்பகல் வெளிச்சம் மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரிகளில் நடுங்குகிறது. போலந்திலிருந்து வந்த சுற்றுலாப் பெண் ஒருத்தி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஸொம்ப், ஸொம்ப்" என்கிறாள். கடைக்காரி தெஸ்பினாவுக்குக் கிரேக்கம்தான் தெரியும். "ஜாம்பிங்கிறா அத்தை! பார்க்கவும் அப்படித்தான் இருக்கா!" மூலை நாற்காலியில் இருக்கும் மாமியார் சுல்தானா சிரிக்கவில்லை. போலந்து மொழிக்குத் தூரத்து உறவான அவளுடைய மாசிடோனியப் பேச்சில் பல்லுக்கு 'ஸம்ப்' என்று பெயர். எல்லைக்கு அப்பால் மாசிடோனியா நாட்டுப் பிதோலாக்காரர்கள்கூட அந்த 'ம்'மைத் தொலைத்துவிட்டு 'ஸாப்' என்கிறார்கள். கிரேக்கப் பள்ளிகளில் தடை செய்யப்பட்டிருந்த அந்தப் பேச்சுக்காக ஆறு வயதில் வகுப்பில் வாயிலேயே அடி வாங்கியவள், அதன்பின் வீட்டுக்கு வெளியே அதைப் பேசியதில்லை. அம்மாவைப் புதைத்த பிறகு வீட்டுக்குள்ளும் இல்லை. இப்போது அம்மாவின் 'ம்' முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயிலிருந்து வருகிறது.

"ஸம்ப்," என்கிறாள் சுல்தானா, சத்தமாக. போலந்துக்காரி வேகவேகமாகத் தலையாட்டுகிறாள். "அவளுக்குப் பல்லு வலிடி."

"அடேயப்பா! அவங்க பாஷை உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

"அவ பாஷை இல்லடி. எங்க அம்மாவோடது."

சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று வாசலைப் பார்க்கிறாள்.