காதுமடல்

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று கால்நடை டாக்டர் சொன்னபோது கோட்டைச்சாமி நம்பவில்லை. "ஊசி போடுறவன் வேற என்னத்தச் சொல்லுவான்?" என்றார். அவருக்கும் அதே வியாதிதான், பன்னிரண்டு வருசமாக.

அன்றோடு பூனைக்குப் பால்சோறு நின்றது. அவர் பெண்டாட்டி அன்னக்கொடி உப்பில்லாமல் கோழிக்கறியை வேகவைத்து, எலும்பு நீக்கி, நார் நாராகப் பிய்த்து வைத்தாள். அவருக்கு வழக்கம்போல கேப்பைக்களி. காலையில் பூனையை மடியில் போட்டுக்கொண்டு, காதுமடல் சூடேறும்வரை இரண்டு விரலால் தேய்ப்பாள். "என் ராசால்ல, ஒரே குத்துதான்" என்று கொஞ்சிவிட்டுத்தான் ரத்தம் எடுப்பாள். பிறகு சர்க்கரை பார்க்கும் மிஷினைத் துடைத்து அவர் பக்கம் தள்ளுவாள்.

"ஒங்களுக்குத்தான் கை இருக்குல்ல, குத்திக்கோங்க."

நாலாம் மாசம், சர்க்கரை இறங்கிவிட்டது, இனி பூனைக்கு இன்சுலின் ஊசி வேண்டாம், சாப்பாட்டுக் கட்டுப்பாடே போதும், வாரம் ஒருக்கா மட்டும் சோதியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தச் சனியனுக்கு எறங்குது, எனக்கு எறங்கலையே" என்று பொருமினார் கோட்டைச்சாமி.

"அது ஒளிச்சு வச்சு ஜிலேபி திங்கலையே."

மறுவாரம் அவள் பூனையின் காதைத் தேய்த்து, குத்தி, மிஷினைத் தள்ளினாள். அவர் அதைத் தொடவில்லை. பூனையை அவள் மடியிலிருந்து விரட்டிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளருகில் தரையில் உட்கார்ந்து, மயிர் முளைத்த தன் காதை அவள் பக்கம் சாய்த்தார்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?"

"தேய்க்காமக் குத்திராத" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.