எழுந்திருக்காத மிதுனா

நாற்காலியை விட்டு எழுந்தால் காலை முறித்துவிடுவேன் என்று செல்வகணபதி வரும் வழியிலேயே மகளை மிரட்டியிருந்தான். அதனால், ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத மிதுனா டாக்டர் முன்னால் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்னவென்று டாக்டர் எழுதித் தராவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொள்ளும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"வீட்ல இப்படி இருக்க மாட்டா டாக்டர்," என்றாள் அவள் அம்மா ரேணுகா.

"எம்பொண்ணுக்கு ஒண்ணுமில்ல சார். பைத்தியம் இவளுக்குத்தான்," என்றான் செல்வகணபதி.

டாக்டர் பேனாவை மூடினார். அப்போது மிதுனாவின் நாற்காலியிலிருந்து மூத்திரம் சொட்டி அவன் செருப்பை நோக்கி ஓடிவந்தது. அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"எந்திரிடி, சனியனே."

மிதுனா அம்மாவைப் பார்த்தாள். ரேணுகா அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"உக்காருடி. டாக்டர் நல்லாப் பாக்கட்டும்."